‘இயல்பு’ என்று வந்த முடிவும் இருபத்தாறாம் நாள் வந்த காய்ச்சலும்

புது மாத்திரை தொடங்கிய பதினாறாம் நாள் காலை குளித்துவிட்டுத் தலை துவட்டினேன். துண்டைப் பார்த்தால் ஒரு கைப்பிடி முடி அதில் ஒட்டியிருந்தது. முடி உதிர்வது எனக்குப் புதிதல்ல. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே சீப்பில் நாலு முடி கூடுதலாகத்தான் வரும். இது அப்படியில்லை. காதுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். ஈர மண்ணில் நட்ட நாற்று வருவதுபோல ஒரு கொத்து அப்படியே கையோடு வந்தது. வலியே இல்லை. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தரையில் உட்கார்ந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த பத்து நாள்கள் நான் செய்த தவறுகளுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, வயிற்றுப்போக்கோடு ரத்தம் போகும் நோய். அது இன்னதென்று கண்டுபிடிக்கவே பதினான்கு மாதங்கள் ஆயின. மூலம் என்றார்கள், பிறகு மன உளைச்சல் என்றார்கள், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்கள். ஒருவழியாக நோயின் பெயர் தெரிந்து ஸ்டீராய்டு கொடுத்தபோது ஒரே வாரத்தில் ரத்தம் நின்றது. ஆனால் அதை நெடுநாள் சாப்பிட முடியாது. குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பியது. அதனால் அசதியோபிரின் என்ற மாத்திரைக்கு மாறலாம் என்றார் டாக்டர். நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் மருந்து அது. குடல் அழற்சி நோய்களுக்கும், லூபஸ், தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி போன்றவற்றுக்கும், சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் உலகம் முழுவதும் கொடுக்கிறார்கள். மலிவான, நன்கு பழகிய மருந்து.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை எடுத்தார்கள். டி.பி.எம்.டி. என்று பெயர். இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி அது; அதை உண்டாக்கும் மரபணுவைத்தான் சோதித்தார்கள். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மிகக் குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை அடிபட்டு ரத்த அணுக்கள் சரிந்துவிடும். ஒன்பது நாள்கள் கழித்து முடிவு வந்தது. தாளில் ஒரே சொல்: ‘இயல்பு’. “உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, முழு அளவே கொடுக்கலாம்” என்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் மோசமான மருத்துவர் அல்லர். கையில் இருந்த தாள் சொன்னதை நம்பினார். நானும் நம்பினேன். முதல் வாரம் 50 மில்லிகிராம், பிறகு 100. நான்கு வாரம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பத்தொன்பதாம் நாள், தலையில் அங்கங்கே தோல் தெரிய ஆரம்பித்த பிறகுதான், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். “நீண்ட நாள் நோயிலிருந்து மீளும்போது முடி கொட்டுவது சகஜம், கவலைப்பட்டால் இன்னும் கொட்டும்” என்றார். வெட்கமாகப் போய்விட்டது. குடலில் ரத்தம் போனபோது மன உளைச்சல் என்று சொன்னவர்களை எதிர்த்துப் பேசிய நான், முடிக்காக நச்சரிக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். இருபத்து மூன்றாம் நாள் நாக்கின் ஓரத்தில் புண். தண்ணீர் பட்டாலே எரிந்தது. இருபத்தாறாம் நாள் மாலை உடம்பு நடுங்கியது. வெப்பமானியில் 38.6 டிகிரி செல்சியஸ். பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். காய்ச்சல் இறங்கியது, நிம்மதியாகத் தூங்கினேன். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தபோது நிற்க முடியவில்லை. தம்பி வேறு நாட்டில் இருக்கிறான். அவனை எழுப்புவானேன் என்று நானே டாக்ஸி பிடித்துப் போனேன்.

இந்த இடத்தில் நிறுத்தி மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது இந்தக் கட்டத்திலேயே இருந்துகொண்டு இதைப் படிக்கக்கூடும். அசதியோபிரினோ அதே வகையைச் சேர்ந்த மெர்காப்டோபியூரினோ தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் முடி கொத்துக் கொத்தாக வந்தால் அதை அழகுப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். முடியின் வேரும் எலும்பு மஜ்ஜையும் உடம்பில் மிக வேகமாகச் செல்கள் பிரியும் இடங்கள். ஒன்று அடிபடும்போது மற்றதும் அடிபட்டுக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே மருந்து எழுதியவரிடம் பேசி, அடுத்த மாத்திரையைப் போடலாமா என்று கேட்டு, அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, இந்த மருந்து சாப்பிடும்போது 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டு இறக்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் இல்லாத உடம்பில் தொற்று மணிக்கணக்கில் பரவும். காய்ச்சல் இறங்கியதால் தொற்று போய்விட்டது என்று அர்த்தமில்லை. நான் வீணாக்கியது ஏழு மணி நேரம். மூன்றாவது, தொலைபேசியில் பேசும்போது “முடி கொட்டுகிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இந்த மருந்தைத் தொடங்கி இத்தனை நாள், அதற்குப் பிறகு இப்படி” என்று மருந்தின் பெயரையும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் மருந்தின் பெயரையே சொல்லவில்லை என்பது பின்னால் யோசித்தபோதுதான் தெரிந்தது.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்து அரை மணி நேரத்தில் அங்கிருந்தவர்கள் எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள். மைக்ரோலிட்டருக்கு 4,000க்குக் குறையாமல் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் எனக்கு 700 இருந்தன. அவற்றிலும் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில்கள் வெறும் 90. 500க்குக் கீழே போனாலே ஆபத்து என்பார்கள். தனி அறை, நரம்பு வழியே ஆன்டிபயாடிக், மஜ்ஜையைத் தூண்டும் ஊசி. மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். “ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள” என்றார். பிறகு அவர் போய்விட்டார். இரண்டு இரவுகள் அந்த ஒரு வாக்கியத்தோடு தனியாகக் கிடந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அம்மாவிடம் “வயிற்று வலி, நாலு நாளில் விட்டுவிடுவார்கள்” என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் நாள் இரவு ஒரு இளம் மருத்துவர் வந்தார், ரத்தவியல் பிரிவில் பயிற்சியில் இருப்பவர். கோப்பைப் புரட்டிவிட்டு, “உங்கள் அப்பா அம்மா எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள்?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வாழ்நாளெல்லாம் கேட்டுச் சலித்த கேள்வி. பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணமும் இருந்ததில்லை. “அதற்கும் இதற்கும் என்ன?” என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்களுக்கு ஒரு மரபணுவைத்தான் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று இருக்கிறது. தெற்காசிய, கிழக்காசிய வம்சாவளியினருக்கு அதுதான் முக்கியம்.” அதன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்: என்.யு.டி.டி.15. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ஏரிக்கு இரண்டு மதகுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து உள்ளே வந்ததும் உடம்பு அதை மாற்றி, செல்களின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து வேலை செய்யும் ஒரு வடிவத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த வடிவம் ஓரளவு சேர்ந்தால்தான் நோய் அடங்கும். மிகுந்தால் மஜ்ஜை சாகும். டி.பி.எம்.டி. ஒரு மதகு: மருந்து அந்த வடிவத்துக்குப் போவதற்கு முன்பே ஒரு பகுதியைத் திருப்பி வெளியேற்றுகிறது. என்.யு.டி.டி.15 இன்னொரு மதகு: தயாரான வடிவத்தையே பிடித்து, டி.என்.ஏ.வில் நுழைய முடியாதபடி முடக்குகிறது. இரண்டில் எது அடைத்தாலும் ஏரி கரை உடையும். எனக்கு முதல் மதகு நன்றாகத் திறந்திருந்தது. இரண்டாவது மதகை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதுதான் என்னை மாதக்கணக்கில் உறுத்தியது. மருத்துவமனையை விட்டு வந்த பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். மெர்காப்டோபியூரினும் அதிலிருந்து பிறந்த அசதியோபிரினும் 1950களில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியவை; அவர்கள் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1980இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் வைன்ஷில்பௌமும் உடன் பணியாற்றியவரும் 298 பேரின் ரத்தத்தில் டி.பி.எம்.டி. நொதியை அளந்து பார்த்து, ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று கண்டார்கள். பெரிய கண்டுபிடிப்பு, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஆசியாவில் ஒரு புதிர் இருந்துகொண்டே இருந்தது. டி.பி.எம்.டி. குறைபாடு ஐரோப்பியர்களைவிட அங்கே அரிது. ஆனால் வெள்ளை அணுக்கள் சரிவதோ அங்கேதான் அதிகம். மருத்துவர்கள் குறைந்த அளவில் கொடுத்துச் சமாளித்து வந்தார்கள். 2014இல்தான் தென்கொரிய ஆய்வாளர்கள் குடல் நோயாளிகளின் மரபணுக்களில் தேடி என்.யு.டி.டி.15 திரிபைக் கண்டுபிடித்தார்கள். முதல் மதகுக்கும் இரண்டாவது மதகுக்கும் இடையே 34 ஆண்டுகள்.

இத்தனை ஆண்டுகள் அது ஒளிந்துகொண்டிருக்கவில்லை. அமெரிக்காவில் இந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இப்போது இருக்கிறது: ஐரோப்பிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரில் இந்தக் குறைபாடு 1 சதவீதத்துக்கும் குறைவு, கிழக்காசியர்களில் 21 சதவீதம் பேருக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது, 2 சதவீதம் பேருக்கு இரண்டும் பழுது. தெற்காசியர்களில் கிழக்காசியர் அளவுக்கு இல்லையென்றாலும், ஐரோப்பியரைவிட மிக அதிகம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக இருக்கும் இடத்தில் தேடினால் கண்ணில் படாதது, ஐந்து பேரில் ஒருவருக்கு இருக்கும் இடத்தில் தேடியபோது கிடைத்தது. அவ்வளவுதான். மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் யார் யார் என்று 2016இல் ஒரு கணக்கு வெளியானது: 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2009இல் அது 96 சதவீதமாக இருந்ததாம். அந்தக் கணக்கைப் படித்த இரவு எனக்குக் கோபம் வந்தது உண்மை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என்னை ஒருவரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. என்னைப் போன்றவர்களின் ரத்தம் அந்தக் குழாய்களில் இல்லை, எனக்கான கேள்வியும் அந்தத் தாளில் இல்லை.

இதே கதை வேறு மருந்துகளிலும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசபின் சிலருக்குத் தோல் உரிந்து உயிர் போகும் அளவுக்கு எதிர்வினை உண்டாக்கும். 2004இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது 44 பேருக்குமே எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. ஐரோப்பியரிடம் அது மிக அரிது. சீனர், மலாய்க்காரர், தாய்லாந்துக்காரர்களிடம் அதிகம், இந்தியர்களிடமும் உண்டு. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான நடைமுறை ஆகிவிட்டது. ஜப்பானில் 2019 முதல் என்.யு.டி.டி.15 சோதனைக்குப் பொதுக் காப்பீடே பணம் கொடுக்கிறது. அதாவது, செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு “நம் இனத்துக்கு மருந்தே வேறு” என்று யாராவது கிளம்பினால் எனக்குச் சம்மதமில்லை. இனம் என்பது படிவத்தில் நாம் ‘டிக்’ போடும் ஒரு கட்டம். தெற்காசியர் என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் எத்தனை நூறு சமூகங்கள் அடங்கியிருக்கின்றன! மருந்தை முடக்குவது ஒரு நொதி. அந்த நொதி என்னிடம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு என் தோலின் நிறம் ஒரு ஊகம் மட்டுமே. ஐரோப்பியப் பெயர் கொண்ட ஒருவருக்கும் இந்தத் திரிபு இருக்கலாம். என் பக்கத்து வீட்டுத் தமிழருக்கு இல்லாமல் இருக்கலாம். எங்கே பார்க்க வேண்டும் என்று வம்சாவளி கை காட்டும். இருக்கிறதா என்று சோதனைதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரபணு என்றதும் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. என் நோயைக் கண்டுபிடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆனதற்கு எந்த மரபணுவும் காரணமில்லை. தொலைபேசியில் கவலைப்படாதே என்றதற்கும் இல்லை. நான்காவது வாரம் வரை ரத்தப் பரிசோதனையே இல்லாததற்கும் இல்லை. முதல் மாதம் வாரம் ஒரு முறை எண்ணிப் பார்த்திருந்தால், மரபணு பற்றி யாருக்கும் ஒன்றுமே தெரியாமலிருந்தாலும் மருந்தை நிறுத்தியிருக்க முடியும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். மருத்துவமனையில் பத்தொன்பது நாள்கள். வேலைக்குப் போகாதது பதினொரு வாரங்கள். நான் ஒப்பந்த ஊழியர்; சம்பளத்தோடு கிடைத்த விடுப்பு பத்து நாள்கள்தான், மீதிக்கெல்லாம் சம்பளம் இல்லை. ஐந்தாண்டுகளில் சேர்த்து வைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. பதற்றத்தில் ஒரு விக் வாங்கினேன், ஒன்பது நாள் சம்பளம். நான்கு முறை அணிந்திருப்பேன். நெற்றியில் அரித்தது, கண்ணாடியில் யாரோ ஒருத்தி தெரிந்தாள். இப்போது அது பெட்டியில் கிடக்கிறது. இவ்வளவுக்கும், என்.யு.டி.டி.15 சோதனைக்குக் கடைசியில் நான் கட்டிய தொகை என் அரை நாள் சம்பளத்தைவிடச் சற்றே அதிகம். முடிவு வர பன்னிரண்டு நாள்கள். இரண்டு பிரதிகளும் திரிந்தவை. நொதி கிட்டத்தட்ட வேலை செய்யாது. அணுக்கள் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தன. மஜ்ஜையைக் குத்திப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. முடி முளைக்க இன்னும் மூன்று மாதங்கள் ஆயின. முதலில் வந்தது குழந்தையின் தலைமுடி போல, தொட்டால் மட்டும் தெரிந்தது.

ஆகவே இந்த மருந்தைத் தொடங்கப் போகிறவர் கேட்க வேண்டியது “மரபணுச் சோதனை செய்துவிட்டீர்களா?” என்பது அல்ல. அதற்கு “ஆமாம், இயல்பு” என்று பதில் வரும், எனக்கு வந்ததுபோல. “எந்த மரபணு? இரண்டையும் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மருந்து மரபியலுக்கான சர்வதேச வழிகாட்டுதலில் 2018 முதல் இரண்டு மரபணுக்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவில் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கலாம் என்றும், இரண்டும் பழுதானவர்களுக்கு, புற்றுநோய் அல்லாத நோயென்றால், வேறு மருந்தையே யோசிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. டாக்டரிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தால் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். சோதனைக்கு வழியே இல்லையென்றால் குறைந்த அளவில் தொடங்கவும், முதல் சில வாரங்கள் வாரந்தோறும் ரத்தம் பார்க்கவும் கேளுங்கள். முடிவு இயல்பு என்று வந்தாலும் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். எல்லாச் சரிவுகளுக்கும் இந்த இரண்டு மரபணுக்கள் மட்டுமே காரணமில்லை. யூரிக் அமிலத்துக்கு அல்லோப்யூரினால் சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரபணு எதுவாக இருந்தாலும், அளவைக் குறைக்காமல் அந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அணுக்கள் சரியக்கூடும்.

பொழுதுபோக்குக்காக வீட்டுக்கு வரும் வம்சாவளிச் சோதனைப் பெட்டியை நம்பி இருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அதற்கும் முன்பே எச்சில் கொடுத்திருந்தேன். என் முன்னோர்களைச் சதவீதமாகப் பிரித்து வண்ண வரைபடம் போட்டுக் கொடுத்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நோயின் கதை முடிந்தாலும் தாள்களின் கதை முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கத்தில் ‘அசதியோபிரின் ஒவ்வாமை’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதங்கள் கழித்து என் டாக்டர் விடுப்பில் இருந்தபோது அவர் இடத்தில் இருந்த ஒருவர், “அசதியோபிரின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மெர்காப்டோபியூரின் நன்றாக ஒத்துக்கொள்ளும், அதைப் பார்க்கலாமா?” என்றார். அது வழக்கத்தில் உள்ள யோசனைதான். அவர் தவறு அதில் இல்லை. ஆனால் அசதியோபிரின் உடம்புக்குள் போய் மெர்காப்டோபியூரினாகத்தான் மாறுகிறது. எனக்கு அது அதே கிணற்றில் இரண்டாம் முறை விழுவது. மரபணு முடிவு கோப்பில் எங்கோ நாற்பதாவது பக்கத்தில் இருந்தது. ஒவ்வாமை என்ற சொல் முதல் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து அதை மாற்றச் சொன்னேன்: ‘என்.யு.டி.டி.15 நொதி இல்லை. அசதியோபிரின், மெர்காப்டோபியூரின், தியோகுவானின் மூன்றும் கூடாது.’ அதே வாசகத்தை ஓர் அட்டையில் அச்சிட்டுப் பர்ஸில் வைத்திருக்கிறேன். உங்கள் சோதனை முடிவுகளின் நகலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகல்தான் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடமும் உதவியது. வெடோலிசுமாப் என்ற விலையுயர்ந்த ஊசிக்குப் போக வேண்டியிருந்தபோது, “முதலில் மலிவான மருந்தை முயன்று பாருங்கள்” என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை மரபணு முடிவையும் அந்த 90 என்ற எண் இருந்த தாளையும் சேர்த்து அனுப்பினேன். ஆறு நாள்களில் ஒப்புதல் வந்தது.

வீட்டில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. எனக்கு இரண்டு பிரதிகளும் திரிந்தவை என்றால் ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, ஒன்று அம்மாவிடமிருந்து. அப்பா இல்லை. அம்மாவிடம் தொலைபேசியில் மெதுவாக விளக்கினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். “அப்படியென்றால் நான் கொடுத்ததா இது?” என்றாள். இந்த மருந்தைத் தொடாத வரை இந்தத் திரிபால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, உனக்கு இத்தனை வருடம் ஏதாவது ஆயிற்றா என்று கேட்டேன். ஆகவில்லை என்று ஒப்புக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு முறை பேசும்போதும் “முடி வளர்ந்துவிட்டதா?” என்று கேட்கும் குரலில் அது இருக்கிறது. இதற்கு என்னிடம் யோசனை ஒன்றுமில்லை. தம்பி சோதித்துக்கொண்டான், அவனுக்கு ஒரு பிரதி மட்டும் பழுது. “அக்கா, எனக்குப் பாதி மதகு” என்று சிரித்தான். அவன் பிள்ளைகளின் மருத்துவக் குறிப்பில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அடிப்படை மருந்துகளில் ஒன்று மெர்காப்டோபியூரின் என்பதை அவனிடம் சொல்லவில்லை. எழுதி வைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று செய்தேன். ‘இயல்பு’ என்று முடிவு கொடுத்த ஆய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். திட்டவில்லை. முடிவுத் தாளின் அடியில் ‘இந்தச் சோதனையில் என்.யு.டி.டி.15 பார்க்கப்படவில்லை’ என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். நான்கு மாதங்கள் கழித்து, தங்கள் ஆலோசனை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. சென்ற வாரம் அதே ஆய்வகத்தில் சோதித்துக்கொண்ட ஒரு தோழி தன் முடிவைக் காட்டினாள். அந்த வரி இல்லை. இரண்டாவது கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். நாளைக்கு அனுப்ப வேண்டும்.